வெள்ளத்திடம் பேரம் பேசிய ஆளுநர்

மருதங்காட்டில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. அதற்குத் தேன் வியாபாரம். ஆற்றங்கரையில் ஒரு பெரிய மருத மரத்தடியில் கடை. கொம்புத் தேன், பொந்துத் தேன், மலைத் தேன் என்று சுரைக்குடுக்கைகளில் அடைத்து வரிசையாக வைத்திருக்கும். அந்தப் பக்கம் போகிற யாரும் நின்று ஒரு வார்த்தை பேசாமல் போக முடியாது.

"ஒரு குடுக்கை என்ன விலை?" என்று மான் கேட்கும்.

"எட்டுக் கிழங்கு."

"எட்டா? அநியாயமா இருக்கே. ரெண்டு தர்றேன்."

"ரெண்டு கிழங்குக்குக் குடுக்கையை மோந்து பார்த்துட்டுப் போ."

"சரி, மூணு."

"வீட்டுல உனக்குக் குட்டிங்க இருக்கு. ஆறு கொடு."

இப்படியே ஏறி இறங்கி நாலில் வந்து நிற்கும். மானுக்கும் சந்தோஷம், கரடிக்கும் சந்தோஷம். இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. விற்கிறவர் இரண்டு மடங்கு சொல்வார், வாங்குகிறவர் அடிமட்டத்துக்குக் கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்தையில் அதுதான் மரியாதை. சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்துவிட்டு யாராவது குடுக்கையைத் தூக்கினால்தான் சடையாண்டிக்குக் கோபம் வரும். "பேசாம வாங்கிட்டுப் போறதுக்கு எதுக்குக் கடைக்கு வரணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அப்போது மருதங்காட்டுக்கு ஆளுநராக இருந்தது ஒரு சிறுத்தை. மேல்மலையில் இருக்கும் சிங்கராஜா வைத்த ஆள். அதனிடம் குறை சொல்லப் போனவர்கள் திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொன்னதே இல்லை. அதனால் காட்டில் குறையே இல்லை என்று ராஜா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. காட்டில் ஒரே ஓர் அத்திமரம்தான் பழுத்தது. குரங்குகள் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. காட்டுப்பன்றிகள் மரத்தைச் சுற்றி நின்றுகொண்டன. ஏறினவை இறங்க முடியவில்லை, நின்றவை தின்ன முடியவில்லை. பல்லைக் காட்டி உறுமல் ஆரம்பித்தது. நாலு பேர் குடல் சரியப் போகிறது என்று காடே நடுங்கியது.

சடையாண்டி கடையை விட்டு எழுந்து போனது. இந்தப் பக்கம் கொஞ்சம் பேசியது, அந்தப் பக்கம் கொஞ்சம் பேசியது. "கிளையில இருக்கிறது குரங்குக்கு. தரையில விழுந்தது பன்றிக்கு. தினமும் காலையில குரங்குங்க கிளையை நல்லா உலுக்கணும். அவ்வளவுதான், எல்லாரும் சாப்பிடுங்க" என்றது. சண்டை நின்றது.

சேதி மேல்மலைக்குப் போயிற்று. சிங்கராஜா பிடரியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "ரத்தம் சிந்தாம காட்டை நடத்தத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கானே. சிறுத்தையை இங்கே கூப்பிடு. அந்தத் தேன்காரனை ஆளுநராப் போடு" என்றார்.

சடையாண்டி கடையை மச்சினனிடம் ஒப்படைத்தது. முடியை ஆற்றில் அலசியது. நெற்றியில் மஞ்சள் மண் பூசிக்கொண்டு தர்பார் பாறைமேல் போய் உட்கார்ந்தது. மன்னிக்கணும், உட்கார்ந்தார். ஆளுநர் ஆகிவிட்டதால் இனிமேல் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கு எதற்கு வம்பு.

அவர் மனைவி பேச்சியம்மாள் மட்டும் கேட்டார். "ஏங்க, கடையைத் தம்பிகிட்ட கொடுத்துட்டு வந்தீங்க. அந்தக் கடைப் பேச்சையும் அங்கேயே விட்டுட்டு வந்தீங்களா?"

"இந்தப் பேச்சாலதான் பதவியே வந்துச்சு பேச்சி" என்று சடையாண்டியார் பெருமையாகச் சிரித்தார்.

மருதங்காடு தாழ்வான காடு. மழைக்காலத்தில் ஆறு கரையேறி வந்துவிடும். காட்டின் நடுவில் நாவல்மேடு. அதற்கும் மேலே யானைப்பாறை. பாறையின் இடுக்கில் குகைகள் உண்டு. மழைக்கு முன்னால் அந்தக் குகைகளில் யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் ஆளுநரின் பெரிய வேலை. சடையாண்டியார் முதல் தர்பாரை அதற்கே கூட்டினார்.

முதலில் வந்தது காட்டுப்பன்றி கோரையன். தேன்கடையின் பழைய வாடிக்கை.

"ஐயா, எங்க கூட்டம் இருபது பேரு. இருபது பேருக்கு இடம் வேணும்."

"இருபதா? பத்துப் பேருக்குத் தர்றேன்."

"பதினஞ்சாவது பார்த்துக் கொடுங்க ஐயா."

"பத்து. பேச்சு முடிஞ்சது."

"உங்ககிட்ட பேசி யார் ஜெயிக்க முடியும்?" என்று கோரையன் வாலைச் சுழற்றிக்கொண்டு போனது. பாதியாகக் குறைத்ததில் அதற்கு வருத்தம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

அடுத்து செவ்வந்தி என்ற முயல் வந்தது. அது தர்பாருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தேன் வாங்கியும் பழக்கமில்லை.

"ஐயா, எனக்கு நாலு குட்டி. இன்னும் பால்குடி மறக்கலை. நானும் நாலு குட்டியும் படுக்க இடம் கொடுங்க."

"நாலா? ரெண்டு குட்டிக்குத் தர்றேன்."

"ஐயா, எனக்கு நாலு குட்டி."

"அது தெரியும்மா. ரெண்டுல ஆரம்பிப்போம். நீ மேல ஏத்து."

"குட்டியில எப்படிங்க ஏத்துறது?"

தர்பாரே சிரித்தது. சடையாண்டியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கெட்டிக்காரி. விடாம நிக்கிறா பாரு. சரி, உனக்காக ரெண்டரை" என்றார்.

இரண்டரை முயல்குட்டிக்கு இடம் என்று தீர்ப்பு ஆயிற்று.

வெளியே வந்ததும் ஒரு குரங்கு செவ்வந்தியிடம் மெல்லச் சொன்னது. "என்னக்கா நீங்க, எட்டுக் குட்டின்னு சொல்லியிருந்தா நாலுக்கு இடம் கிடைச்சிருக்குமே."

"இல்லாத குட்டியை இருக்குன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வராது" என்று சொல்லும்போதே செவ்வந்திக்கு அழுகை வந்துவிட்டது.

கிடைத்த இடுக்கில் அதுவும் இரண்டு குட்டிகளும்தான் படுக்க முடிந்தது. மற்ற இரண்டையும் நாவல்மேட்டில் ஒரு நாவல் மரத்தின் வேருக்கு அடியில் வளை தோண்டி வைத்தது. மேலே ஓடிப் பால் கொடுக்கும். கீழே ஓடிப் பால் கொடுக்கும். மேலே இருக்கும்போது கீழே நினைப்பு. கீழே இருக்கும்போது மேலே நினைப்பு. பாவம், இளைத்துத் துரும்பாகிப் போனது.

காடு சும்மா இருக்குமா? விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. காலில் முள் குத்தின மயில் இரண்டு காலும் போச்சு என்று நொண்டிக்கொண்டு வந்தது. மூன்று நாள் காய்ச்சல்காரர் முப்பது நாள் படுக்கை என்றார். சடையாண்டியார் எல்லாவற்றையும் பாதியாக வெட்டினார். வெட்ட வெட்ட அவர்கள் கூட்டிச் சொன்னார்கள். அவர்கள் கூட்டிச் சொன்னதால் அவர் இன்னும் வெட்டினார்.

"பார்த்தியா பேச்சி, கேட்டதுல பாதிதான் கொடுக்கிறேன். ஆனாலும் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போறாங்க. இதுதான் நிர்வாகம்."

"எல்லாருமா? அந்த முயல் சிரிச்ச மாதிரித் தெரியலையே" என்றார் பேச்சியம்மாள்.

"அவளுக்குப் பேசத் தெரியலை. அதுக்கு நான் என்ன பண்ண?"

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. இடம் கிடைத்தவர்கள் யானைப்பாறைக் குகைகளில் ஒண்டிக்கொண்டார்கள். இடம் போதாதவர்கள் காட்டுக்குள்ளேயே ஆற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒரு நாள் உச்சிப்பொழுது. மேலாற்றுக் காவலுக்கு ஆளுநர் வைத்திருந்த நீர்நாய் துடுப்பன் மூச்சு வாங்க ஓடிவந்தது. உடம்பெல்லாம் சேறு.

"ஐயா, மேல மலை சரிஞ்சு ஆத்தை மறிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அதுக்குப் பின்னால தண்ணி ஏரி மாதிரி தேங்கி நின்னுச்சு. இப்போ அந்த மண்ணு உடையுது. நான் கண்ணால பார்த்துட்டு ஓடிவர்றேன். பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்துரும். உங்க கடை மருத மரம் கழுத்து வரைக்கும் முங்கும். எல்லாரையும் யானைப்பாறைக்கு ஏத்துங்க."

சடையாண்டியார் அரைக்கண் மூடிக்கொண்டு கேட்டார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"கழுத்து வரைக்குமா? இடுப்புன்னு வெச்சுக்குவோம்."

"வெச்சுக்குவோமா?"

"நீ கழுத்துன்னா அது இடுப்பு. எத்தனை வருஷம் கடை வெச்சவன் நான்? கீழே இருக்கிறவங்க நாவல்மேட்டுக்குப் போனாப் போதும். பாறை வரைக்கும் ஏற வேண்டியதில்லை. அங்க ஏற்கெனவே இடம் நெருக்கடி."

"ஐயா, நான் விலை சொல்லலை. வெள்ளம் வருதுன்னு சொல்றேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க துடுப்பா."

துடுப்பனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் ஆளுநர் உத்தரவு. என்ன செய்வது? ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த மழைக்காலத்தில் காட்டில் யாருமே அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னதில்லை. சொன்ன ஒருத்திக்கும் ரெண்டரைதான் கிடைத்தது. அந்த நிலைமையில் அவர் காதில் கழுத்து என்பது இடுப்பாக விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காதை அப்படிப் பழக்கியதும் அவரேதான்.

மான்களும் முள்ளம்பன்றிகளும் உடும்புகளும் நாவல்மேட்டில் வந்து கூடின. சடையாண்டியார் எல்லோருக்கும் முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

வெள்ளம் வந்தது. முதலில் சத்தம் வந்தது, அப்புறம்தான் தண்ணீர். மருத மரத்தின் முழங்கால் மறைந்தது. தொடை மறைந்தது. இடுப்புக்கு வந்தது.

"பார்த்தியா துடுப்பா? இடுப்பு" என்றார் சடையாண்டியார்.

துடுப்பன் தண்ணீரைக் காட்டியது. அது நிற்கவில்லை.

"சரி, இன்னும் ஒரு சாண் ஏறட்டும்" என்றார். ஏறியது.

"போதும், இதோட நிக்கும்" என்றார். நிற்கவில்லை.

கடையின் சுரைக்குடுக்கைகள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. மச்சினன் தலையில் ஒரு குடுக்கையை வைத்துக்கொண்டு நீந்தி மேடேறியது. வெள்ளம் எந்தப் பேச்சுக்கும் இறங்கி வரவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. மருத மரத்தின் நெஞ்சு போயிற்று. கழுத்துப் போயிற்று. நாவல்மேட்டில் ஆளுநரின் பாதம் நனைந்தது.

அப்போதுதான் சடையாண்டியார் திரும்பிக் கத்தினார்.

"பாறைக்கு! எல்லாரும் பாறைக்கு ஏறுங்க!"

ஒற்றையடிப் பாதையில் அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். சடையாண்டியார் கடைசியில் நின்று வழுக்கினவர்களைத் தூக்கி விட்டார். ஓடத் தெரியாத ஆமைகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஏறினார். மேலே போய்ச் சேர்ந்து ஆமைகளை இறக்கி வைக்கும்போது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு செவ்வந்தி ஓடிவந்தது.

"ஐயா, என் ரெண்டு குட்டி எங்கே?"

"எந்தக் குட்டி?"

"நாவல்மேட்டு வேர்வளையில இருந்ததே, அதுதான். மேல இருக்கிற ரெண்டுக்கும் பால் கொடுத்துட்டு இருந்தேன். சத்தம் கேட்டு இறங்கி ஓடுறேன், ஏறி வந்த கூட்டம் என்னைத் தள்ளிக்கிட்டு மேலேயே வந்துருச்சு. நீங்க எல்லாரும் அங்கதானே நின்னீங்க, யாராவது தூக்கிட்டு வந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"குட்டிங்களை ஏம்மா ரெண்டு இடத்துல வெச்சே?" என்று கேட்க வாயெடுத்தார் ஆளுநர். கேட்கவில்லை. பதில் அவருக்கே தெரிந்துவிட்டது.

திரும்பிப் பார்க்காமல் பாதையில் இறங்கினார். பேச்சியம்மாள் தடுக்கவில்லை. துடுப்பன் அவருக்கு முன்னால் தண்ணீரில் குதித்தது.

நாவல்மேட்டில் தண்ணீர் கரடியின் நெஞ்சளவு ஓடியது. நாவல் மரம் மேட்டின் உச்சியில், கொஞ்சம் உயர்ந்த இடத்தில் இருந்தது. அங்கேயும் வளையின் வாயைச் சேறு அடைத்து, மேலே தண்ணீர் மூடிவிட்டது. உள்ளே கையை விட்டால் தண்ணீரும் கூடவே போகும். சடையாண்டியார் மரத்தின் மறுபக்கம் போனார். அங்கே மண் இன்னும் தலை காட்டிக்கொண்டிருந்தது. கரையான் புற்றைப் பிளந்து பழகிய நகங்கள் அவருக்கு. தர்பாரில் உட்கார்ந்த நாளிலிருந்து அவற்றுக்கு வேலை இல்லாமல் இருந்தது. மண்ணைப் பறித்தார். வேரைப் பிய்த்தார். துடுப்பன் அடித்து வரும் மரக்கட்டைகளை மூக்கால் தள்ளித் தள்ளி விலக்கியது.

கடைசியில் கை உள்ளே போனது. ஈரமாக, சில்லென்று, இரண்டு சிறிய உடம்பு கையில் தட்டுப்பட்டது. எடுத்துக் கழுத்து முடிக்குள் செருகிக்கொண்டு நீந்தினார்.

பாறைமேல் வந்து குட்டிகளைச் செவ்வந்தியின் முன்னால் வைத்தார். இரண்டும் அசையவில்லை. செவ்வந்தி நக்கியது. மாறி மாறி நக்கியது. ஒரு குட்டி தும்மியது. இன்னொன்று அப்படியே கிடந்தது. காட்டில் அத்தனை பேரும் அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் காது மெல்ல ஒரு தரம் துடித்தது. அப்புறம் அதுவும் பாலைத் தேடி நகர்ந்தது.

"குளிர்ல கிடக்க வேண்டாம். காய்ஞ்ச இடமாப் பாருங்க" என்று சடையாண்டியார் சொல்லி, பக்கத்தில் இருந்த பெரிய குகைக்குள் எட்டிப் பார்த்தார். கோரையனின் குகை. ஓரமாகப் பன்றிகள் படுத்திருந்தன. நடுவில் விசாலமாக இடம் காலியாகக் கிடந்தது.

"கோரையா, மத்தவங்க எல்லாம் எங்கே?"

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க ஐயா. நாங்க மொத்தமே ஆறு பேருதான்."

"இருபதுன்னு சொன்னியே."

"சந்தை வழக்கப்படி சொன்னேன் ஐயா. நீங்களும் சந்தை வழக்கப்படி பத்துக்குக் கொடுத்தீங்க" என்றது கோரையன். அது பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை. நியாயமாகத்தான் நடந்துகொண்டோம் என்று நம்புகிற முகம். அதுதான் சடையாண்டியாரைச் சுட்டது.

செவ்வந்தி குட்டிகளை அணைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தது.

"ஐயா, கடையில நீங்க பாதித் தேன் கொடுத்தா நான் பாதி வயிறு சாப்பிட்டுக்குவேன். பிள்ளைங்கள்ல எந்தப் பாதியைக் காப்பாத்தணும்னு ஒரு தாயைப் போய்த் தேர்ந்தெடுக்க வெச்சிட்டீங்களே."

ஆளுநர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் துடுப்பன் மறுபடி மேலேறி வந்தது. பாறை ஓரத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

"ஐயா, மண்ணு பாதிதான் உடைஞ்சிருக்கு. மிச்சமும் இப்போ உடைஞ்சு வருது. நிறம் மாறி, நுரை தள்ளி வர்ற தண்ணியைப் பார்த்தேன். இந்தக் குகைக்குள்ளயும் தண்ணி வந்துரும். உச்சிக்கு ஏறணும்."

எல்லோரும் சடையாண்டியாரைப் பார்த்தார்கள். உச்சி வெறும் மொட்டைப் பாறை. அங்கே குகை இல்லை, மறைவு இல்லை. கொட்டுகிற மழையில் நின்று நனைய வேண்டும்.

"உச்சிக்கா சொல்றே?" என்று கேட்டார்.

"உச்சிக்குத்தான் ஐயா."

"அப்போ உச்சிக்கே போவோம்."

கோரையன் முனகியது. "இங்கே நல்லாத்தானே இருக்கு ஐயா? எதுக்கு அவ்வளவு தூரம்? வேணும்னா பாதித் தூரம் ஏறிப் பார்ப்போமே."

"கோரையா, வாயை மூடிக்கிட்டு நட" என்றார் ஆளுநர்.

செவ்வந்தியின் நாலு குட்டிகளையும் அவரே வாங்கித் தன் கழுத்து முடிக்குள் வைத்துக்கொண்டார். செவ்வந்தி அவர் காலோடு காலாக ஏறியது. ஆமைகளைப் பேச்சியம்மாள் எடுத்துக்கொண்டார். கடைசி உடும்பு உச்சியில் கால் வைத்தபோது கீழே பெரிய சத்தம் கேட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குகைகளின் வாயில் தண்ணீர் புகுந்து, உள்ளே சுழன்று, சேற்றைக் கக்கிக்கொண்டு வெளியே வந்தது. கோரையனின் விசாலமான குகை இருந்த இடமே தெரியவில்லை.

மழையில் அத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு உயிர்கூடக் குறையவில்லை. கரடியின் முடிக்குள் நாலு குட்டிகளும் நனையாமல் தூங்கின.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஆளுநர் தர்பாரில் உட்காரவில்லை. ஒவ்வொரு வளைக்கும் ஒவ்வொரு புதருக்கும் தானே நடந்து போய், அவரவர் குடும்பத்தைக் கண்ணால் பார்த்து இடம் கொடுத்தார். அவர் வாசலில் வந்து நின்ற பிறகு யாருக்கும் கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

பொருளுக்குப் பேரம் பேசுகிறவன் நல்ல வியாபாரி ஆகலாம், ஆனால் உயிருக்குப் பேரம் பேசுகிறவன் ஒருநாளும் நல்ல ஆளுநர் ஆக முடியாது.